நிற்கத் தெரிந்த பிறகுதான் ஓட வேண்டும்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நிற்கும். ஒன்று, என் மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் மைவி. ஐந்து பேர் உட்காரலாம். மழை பெய்தால் ஒழுகாது. மற்றொன்று என்னுடையது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் செய்யப்பட்ட ஹோண்டா எஸ்2000. இரண்டே இருக்கைகள், துணிக் கூரை, தரையை ஒட்டிய உயரம்.

அம்மா அதில் ஒரே ஒரு முறை ஏறினார். இறங்க முடியவில்லை. அக்கா ஒரு கையையும் என் மனைவி மறு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். "கெணத்துக்குள்ள எறங்குன மாதிரி இருக்குடா" என்றவர், அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

தீபாவளிக்கு வரும் உறவினர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "இந்தப் பழைய காடிக்குக் கொட்டுற காசுக்கு ஒரு புதுக் காடி வாங்கியிருக்கலாமே?" ஒவ்வோர் ஆண்டும் நான் ஒவ்வொரு பதில் சொல்லிச் சமாளிப்பேன். உண்மையான பதிலை மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, செப்பாங் பந்தயத் தடத்தின் முதல் வளைவில்தான் நானே தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் அன்றைய தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் நம் பிள்ளைகளில் பலருக்கு இந்த ஆசை இருக்கிறது. அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் படித்துப் பார்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காதால் பார்த்த பந்தயம்

அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுநர். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்து மண் பாதையில் ஆலைக்குப் போவார். 1999 அக்டோபரில் செப்பாங்கில் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் நடந்தபோது எனக்குப் பதினாறு வயது. டிக்கெட் வாங்க எங்களுக்கு வசதியில்லை. அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், தடத்துக்கு அருகே ஒரு சாலையோரத்தில் நிறுத்தினார். செம்பனை மரங்களுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அந்தக் காலத்து பத்து சிலிண்டர் எஞ்சின்களின் அலறல் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. இரண்டு மணி நேரம் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அன்றைய பந்தயத்தை எடி இர்வைன் வென்றதை மறுநாள் நாளிதழில்தான் பார்த்தேன்.

அதே 1999இல்தான் ஹோண்டா தன் 50ஆம் ஆண்டு நிறைவையொட்டி எஸ்2000ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. ஆனால் ஜப்பானில் விற்ற கார்களில் 250 குதிரைத்திறன். சாதாரணக் கார்களின் எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம், ஆறாயிரத்து ஐந்நூறு சுற்றுகளில் களைத்துவிடும். இது 9,000 வரை ஏறும். அதுவும் 6,000ஐ நெருங்கும்போது வால்வுகள் வேறு அமைப்புக்கு மாறி, சத்தமே இன்னொன்றாகிவிடும். பள்ளி நூலகத்தில் ஒரு மோட்டார் சஞ்சிகையில் அதன் படத்தைப் பார்த்தேன். சிவப்பு நிற ஸ்டார்ட் பொத்தான் கூட இன்னும் நினைவிருக்கிறது.

2009இல் அதன் தயாரிப்பு நின்றது. 2014இல், ஜப்பானிலிருந்து இறக்குமதியாகி இரண்டு கை மாறிய ஒன்றை நான் வாங்கினேன். சாவியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் காரைச் சுற்றி வந்தார். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. முன் சக்கரத்தின் அருகே குனிந்து, கம்பிகளுக்கு இடையே தெரிந்த பிரேக் டிஸ்கைப் பார்த்தார். "இதெல்லாம் சரியா இருக்கா?" என்று மட்டும் கேட்டார். "எல்லாம் பார்த்தாச்சுப்பா" என்றேன். நான் பார்த்திருந்தது எஞ்சினை மட்டும்தான்.

பழைய காரின் கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது சுலபம். வைத்திருப்பதுதான் வேலை. சாலை வரி பெரிய சுமையில்லை. இரண்டு லிட்டருக்குள் இருப்பதால் தீபகற்பத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 380 வெள்ளிதான். பெட்ரோலுக்கு ரோன் 97 போட வேண்டும். இவை தெரிந்த செலவுகள். தெரியாமல் வருபவைதான் ஆளைச் சாய்க்கும்.

முதலில் கூரை. என்னுடைய காரில் பின்கண்ணாடி கண்ணாடியே இல்லை, பிளாஸ்டிக். நம் ஊர் வெயிலில் அது மஞ்சளாகி, மங்கி, ஒரு நாள் மடிப்பில் கீறிக்கொண்டது. மழைக்காலம் முழுவதும் காருக்குள் ஒரு துண்டு வைத்திருந்தேன். அடுத்தது எஞ்சினின் முன்பக்கத்திலிருந்து காலை நேரத்தில் வந்த கடகடச் சத்தம். டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தேய்ந்திருந்தது. இந்தக் காருக்கு அது தெரிந்த வியாதி. பிறகு எஞ்சின் ஆயில். இந்த எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒரு முறை ஆயில் அளவைக் குச்சியை இழுத்துப் பார்த்தே ஆக வேண்டும். புதுக் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்தக் குச்சி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

எங்கள் பட்டறைப் போமேன் ஒரு சீனப் பெரியவர். கிள்ளானில் நாற்பது ஆண்டுகளாகக் கார் பழுது பார்க்கிறார். நானும் அவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். முதல் முறை காரைக் கொண்டுபோனபோது, வால்வு மூடியைக் கழற்றச் சொன்னார். ஏன் என்றேன். இந்த வகை முதல் கார்களில் வால்வு ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் சிறு தட்டுகள் சில சமயம் விரிசல் விடுமாம். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஓட்டுநரின் கைதான். நான்காம் கியரில் 9,000 சுற்றில் போகும்போது ஐந்தாம் கியர் என்று நினைத்து மூன்றாம் கியரில் தள்ளிவிட்டால், எஞ்சின் 11,000 சுற்றைத் தாண்டிச் சுழலும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பெட்ரோலை நிறுத்தலாம், ஆனால் சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுழற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. முந்தைய உரிமையாளர் ஒரு தடவை கை தவறியிருந்தாலும் அந்த விரிசல் உள்ளே காத்திருக்கும்.

என் அதிர்ஷ்டம், தட்டுகள் நன்றாக இருந்தன. அவற்றை வலுவானவையாக மாற்றிக் கொடுத்தார். வேலை முடிந்து கணக்கு எழுதும்போது, "பிரேக் ஆயிலையும் மாற்றலாமா? கறுத்துப்போயிருக்கிறது" என்று கேட்டார். எவ்வளவு என்றேன். ஆயில் ஐம்பது வெள்ளிக்குள்தான், கூலி கொஞ்சம் என்றார். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். அதே மாதம் 2,800 வெள்ளிக்குப் புகைபோக்கிக் குழாய் மாற்றினேன். சத்தத்துக்குக் காசு இருந்தது.

அந்த 'அடுத்த முறை' பல முறை வந்து போனது. ஒரு முறை மாற்றினேன். பிறகு மூன்று ஆண்டுகள் தொடவே இல்லை.

ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர்

செப்பாங் பந்தயத் தடம் பெரிய வீரர்களுக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். 2017ஓடு ஃபார்முலா ஒன் அங்கே வருவது நின்றுவிட்டது. ஆனால் 'டிராக் டே' என்று சொல்லப்படும் நாள்களில் கட்டணம் கட்டி, ஹெல்மெட்டும் முழுக்கைச் சட்டையும் மூடிய காலணியும் போட்டுக்கொண்டு, சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். போட்டி கிடையாது. யார் முதலில் என்ற கணக்கும் கிடையாது. காலையில் கொடிகளுக்கு விளக்கம் சொல்வார்கள். மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமான கார், வழிவிடு. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது, மெதுவாகத் திரும்பு. பொறுப்பு என்னுடையதே என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அந்தத் தாளை எல்லாரும் படிக்காமல்தான் கையெழுத்துப் போடுகிறோம்.

தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். அதில் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள் அடுத்தடுத்து வருகின்றன. பின்புற நேர்ப்பாதையில் முழு வேகத்தில் போய், 15ஆம் வளைவில் கொண்டை ஊசி போல இடப்பக்கம் திரும்ப வேண்டும். உடனே பார்வையாளர் மேடைக்கு முன்னே உள்ள நேர்ப்பாதை. மறுபடி முழு வேகம். அதன் முடிவில் வலப்பக்கம் சுருண்டுகொண்டே போகும் முதல் வளைவு. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு முறை காரை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் பிரேக் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. வேகம் இரண்டு மடங்கானால் காரில் சேர்ந்திருக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளியில் படித்த கணக்குதான். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் 200இலிருந்து 80க்கு இறங்கும்போது வெளிவரும் வெப்பம், ஐந்து லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டு அடுப்பில் அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இல்லத்தரசிகளுக்குத் தெரியும். தடத்தில் அது சில வினாடிகளில் நடக்கிறது. அந்த வெப்பத்தில் பெரும்பகுதியை நான்கு இரும்பு டிஸ்குகள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அக்காள் மகன்

அக்காவுக்கு ஒரே பையன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். 150 சிசி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தான். இரவில் நண்பர்களோடு போய்விட்டு இரண்டு மணிக்கு வருவான். எங்கே போகிறான் என்று அக்காவுக்குத் தெரியும். கேட்டால் சத்தம் போடுவான் என்று கேட்க மாட்டார். ஒரு நாள் அவன் முழங்கையில் நீளமான சிராய்ப்பைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். "நீ சொன்னா கேப்பான். உங்கிட்டதான் காடி அது இதுன்னு பேசுறான். ஏதாச்சும் பண்ணு தம்பி."

நான் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. அந்த வயதில் எனக்குச் சொன்னவர்களை நான் கேட்டதில்லை. "சனிக்கிழமை செப்பாங் வர்றியா?" என்றேன். அன்றிரவே ஹெல்மெட்டைத் துடைத்து வைத்துவிட்டான்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தன. முதல் அரை மணி நேரம் தனியாக ஓட்டினேன். இரண்டாவது சுற்றில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அன்று நடத்தியவர்கள் பயணி ஏற அனுமதித்திருந்தார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் சொல்லிக்கொண்டே போனேன். "பிரேக்கை நேராப் போகும்போதே முடிச்சிரணும். திரும்பும்போது போட்டா இந்தக் கார் பின்பக்கத்தைத் தூக்கி வீசிரும். இதுல வழுக்கினா பிடிக்கிற மின்னணுச் சாதனம் எதுவும் கிடையாது." அவன் தலையாட்டினான். சாலையில் ஒரு பையனாகவும் இங்கே இன்னொரு பையனாகவும் இருந்தான். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் ஒரு சுற்றுக்கூட காரை ஆறவிடாமல் ஓட்டினேன்.

ஐந்தாவது சுற்றில், 15ஆம் வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கியது. கால் அதை உணர்ந்தது. மனம் கண்டுகொள்ளவில்லை. மேடைக்கு முன்னே கியரை மாற்றி மாற்றி ஏறினேன். முதல் வளைவுக்கு முன் பிரேக் தூரப் பலகைகள் வந்தன. பெடலை அழுத்தினேன்.

பெடல் தரையில் போய் முட்டியது. கார் வேகம் குறையவில்லை.

பயம் பிறகுதான் வந்தது. அந்த நொடியில் வந்தது வெறும் வியப்பு. காலைத் தூக்கி மறுபடி அழுத்தினேன். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை கொஞ்சம் பிடித்தது. ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்கு இறக்கினேன். மூன்றுக்கு இறக்கக் கை பரபரத்தது. போமேன் சொன்ன 11,000 கணக்கு தடுத்தது. எஞ்சின் உடைந்து பின் சக்கரங்கள் இறுகினால் கார் சுழலும். திரும்ப முயற்சி செய்யவில்லை. அந்த வேகத்தில் திருப்பினால் கவிழலாம். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு தடத்தை விட்டு வெளியே விட்டேன். தார் முடிந்து சரளைக்கல் தொடங்கியது. கார் கப்பல் போல மூக்கைக் குத்திக்கொண்டு, கல்லை வாரி இறைத்து, நின்றது.

தடுப்பு டயர்களுக்கும் எங்களுக்கும் இடையே நிறைய இடம் இருந்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. காரிலும் அடியில் சில சிராய்ப்புகள்தான். நாங்கள் இருவரும் பேசவில்லை. எஞ்சின் மேலே தூசி எரியும் வாடை. இழுத்துப்போக வண்டி வந்துகொண்டிருந்தது. மருமகன் ஹெல்மெட்டைக் கழற்றாமல், முன்னே பார்த்தபடி கேட்டான்.

"மாமா, பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

தண்ணீர் செய்த வேலை

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. மூடி இறுக்கமாக இருந்தாலும் ரப்பர் குழாய்கள் வழியாகவும் ஈரம் மெல்ல உள்ளே வரும். நம்முடையதோ ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் நாடு. டாட் 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே திரவத்தில் ஏறக்குறைய நான்கு விழுக்காடு தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டிஸ்கில் எழும் சூடு பேட் வழியாக, பிஸ்டன் வழியாகத் திரவத்துக்குப் போகிறது. கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் அது கால் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. ஆவியைச் சுருக்கலாம். பெடலை மிதித்தால் குமிழிதான் சுருங்கும். பேட் நகராது.

பட்டணத்தில் ஓட்டும்போது அந்தத் திரவம் ஒருநாளும் அவ்வளவு சூடாவதில்லை. அதனால் பழுது வெளியே தெரியாது. ஆனால் கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ பிரேக்கிலேயே கால் வைத்துக்கொண்டு இறங்குகிற குடும்பக் காருக்கும் இதே கதி நேரலாம். இது ஸ்போர்ட்ஸ் கார் சங்கதி மட்டுமல்ல.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். "நானே சொல்லிடறேன் மாமா, இல்லாட்டி வேணாம்" என்றான் பையன். அவனை மறைக்கச் சொன்னால், இரவு இரண்டு மணிக்கு வருகிறவனிடம் நான் என்ன பேச முடியும்? நானே சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அந்த ஆயில் என்ன வெலை?"

"அம்பது வெள்ளிக்கு உள்ளதான்கா."

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்பாவிடமும் சொன்னேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். கண் சரியில்லை என்று லாரியை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணிய வடிச்சியா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் விடியற்காலை நான் கண் விழிப்பதே ஒரு சத்தத்துக்குத்தான். லயத்துக்கு முன்னால் நிற்கும் லாரியின் அடியில் அப்பா குனிவார். 'புஸ்ஸ்' என்று நீளமாகக் காற்று போகும். லாரியின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. இயந்திரம் ஈரக்காற்றை அழுத்திச் சேமிக்கும்போது தொட்டியின் அடியில் தண்ணீர் தங்கும். அதைத் தினமும் திறந்து விடாவிட்டால் தொட்டியில் காற்றுக்கு இடம் குறையும், வால்வுகள் துருப்பிடிக்கும். முப்பது ஆண்டுகள் ஒரு நாள் தவறாமல் அப்பா அந்தத் தண்ணீரை வடித்தார். நான் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன். என் காரில் அதே தண்ணீர் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது.

வாங்க நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு

கார் வாங்கக் கையில் உள்ள காசு முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியை முதல் ஆண்டுப் பழுதுக்கு ஒதுக்கி வையுங்கள். பழைய காருக்கு வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும். காப்புறுதியில் காரின் மதிப்பை எவ்வளவு என்று எழுதுகிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, வழக்கமான மோட்டார் காப்புறுதி பந்தயத்தையும் வேகச் சோதனையையும் ஏற்காது. தடத்தில் நடப்பதற்கு உங்கள் பைதான் காப்புறுதி.

தடத்துக்குப் போகும் முன் செலவு செய்யும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பிரேக் ஆயில், பேட், குழாய். அடுத்து டயர். அடுத்து எஞ்சின் ஆயிலும் குளிர்நீரும். குதிரைத்திறன் கடைசியில். சத்தம் அதற்கும் பிறகு.

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். என் காருக்கு 108 நியூட்டன் மீட்டர். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பிறகு மறுபடி பாருங்கள். டயர் சூடாகும்போது உள்ளே காற்றழுத்தம் ஏறும், அதனால் சூட்டிலும் அளந்து சரிசெய்யுங்கள். மூன்று, நான்கு வேகமான சுற்றுகளுக்குப் பிறகு ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக வந்து காரை ஆறவிடுங்கள். நிறுத்தியவுடன் கை பிரேக்கை இழுக்காதீர்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பெடல் ஒரு விரல் அளவு கூடுதலாக இறங்கினாலும் அந்தச் சுற்றோடு உள்ளே வந்துவிடுங்கள். கார் முதலில் மெதுவாகத்தான் சொல்லும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. பையன் வேகத்தை விரும்புகிறான் என்பதற்காக அவன் கெட்டவனில்லை. அந்த வேகத்துக்கு ஓர் இடமும், அவன் கைக்கு ஒரு ரெஞ்சும் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அழுத்து, பிடி, விடு

பிரேக் ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே சிறு திருகைத் திறந்து பழைய திரவத்தை வெளியே விட்டு, பெடல் மேலே வரும் முன் மூட வேண்டும். ஒரு நொடி தவறினால் காற்று உள்ளே போகும். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டே ஆக வேண்டிய வேலை.

அந்தச் சம்பவத்துக்கு மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, மருமகன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். பின்னால் ஒரு பை. உள்ளே ஒரு டப்பா சுண்டல். "அம்மா குடுத்தாங்க" என்றான். அக்கா பேசத் தொடங்கிவிட்டார் என்று புரிந்துகொண்டேன்.

நான் உள்ளே உட்கார்ந்தேன். அவன் தரையில் படுத்தான். "அழுத்துங்க... பிடிங்க... விடுங்க." நான்கு சக்கரங்கள், ஒரு மணி நேரம். கண்ணாடிப் புட்டியில் வந்த பழைய ஆயிலை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். அப்பா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "தே-ஓ மாதிரி இருக்கு" என்றார். புதிய ஆயில் வெள்ளைத் தேன் நிறத்தில் இருக்கும்.

அன்று சாயங்காலம் தன் மோட்டார் சைக்கிளின் பிரேக் ஆயிலையும் அவனே மாற்றினான். இரவில் போவதை அவன் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. குறைத்தான், பிறகு விட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குப் போகிறான். என் காரின் பராமரிப்புக் குறிப்பேட்டை அவன்தான் எழுதுகிறான். ஆறு மாதத்துக்கு ஒரு தேதி, பக்கத்தில் ஒரு கையெழுத்து.

புதுக் கார் வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டு சொல்ல என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. புதுக் கார் என் தப்பை என்னிடமிருந்து மறைத்துவிடும். இந்தக் கார் மறைக்கத் தெரியாதது.

அடுத்த மாதம் மறுபடி செப்பாங் போகிறோம். இம்முறை அவன் அக்காவின் பழைய சாகாவையும் கொண்டுவருகிறான், முதல் முறையாகத் தானே ஓட்ட. போன ஞாயிறு அதன் பிரேக் ஆயிலை மாற்றினோம். அவன் சக்கரத்தடியில் படுத்திருந்தான். உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தது நானில்லை, அக்கா. அவன் 'விடு' என்று சொல்லும் வரை காலை எடுக்கவே இல்லை.